டெஸ்ட் பட்டனை அமுக்கினா ஆர்.சி.சி.பி விழுது, ஆனா வீட்டுல கரண்ட் போகல!

உறையூரான் | சனி, இரவு 9:12

வணக்கம். வீட்டு ஒயரிங் கேள்விதான். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

வீடு 1994ல அப்பா கட்டினது. கீழே நாங்க, மாடியில வாடகைக்கு ஒரு குடும்பம். ரெண்டு சர்வீஸ், ரெண்டு மீட்டர். கீழ் வீட்டுல மரப்பலகையும் பீங்கான் ஃப்யூஸ் கேரியருமா இருந்ததை மூணு மாசம் முன்னாடி எடுத்துட்டு புது டி.பி. பாக்ஸ் வச்சோம். 40 ஆம்ப்ஸ், 30 மில்லி ஆம்ப், ரெண்டு போல் (பேஸ், நியூட்ரல் ரெண்டையும் வெட்டுறது) ஆர்.சி.சி.பி ஒண்ணு (கரண்ட் எங்கயாவது கசிஞ்சா தானா விழுற சுவிட்ச்), அதுக்கு அடுத்து எட்டு எம்.சி.பி. (லோடு மிஞ்சினா விழுற சுவிட்ச்). கொல்லையில புதுசா எர்த் குழி எடுத்து எல்லா பிளக்குக்கும் பச்சை ஒயர் இழுத்தாச்சு. ஒயர் மட்டும் பழசு.

மாட்டின அன்னிக்கு சாயங்காலமே ஆரம்பிச்சுது. அயர்ன் பாக்ஸ் போட்டா விழும். ஹீட்டர் போட்டா விழும். அதே அயர்ன் பாக்ஸை பக்கத்து வீட்டுல போட்டுப் பார்த்தோம், அங்கயும் இதே மாதிரி பொட்டிதான், ஒண்ணும் ஆகல. ஒரு நாள் ராத்திரி ஏழு மணிக்கு வெறுத்துப்போய் எட்டு எம்.சி.பி.யையும் இறக்கிட்டு ஆர்.சி.சி.பி.யை மட்டும் தூக்கி வச்சேன். அஞ்சு நிமிஷத்துல தானா விழுந்துது. வீட்டுல எதுவுமே ஓடல!

எலக்ட்ரீஷியன் வந்து "சாமான் டிஃபெக்ட் சார்"னு வேற மாத்தினார். அதுவும் விழுந்துது. மூணாவது தடவை வந்துட்டு அரை மணி நேரத்துல "சரியாயிடுச்சு"ன்னு போயிட்டார். நிஜமாவே அதுக்கப்புறம் விழல. நானும் நிம்மதியா இருந்தேன்.

நேத்து எதேச்சையா அந்த டெஸ்ட் பட்டனை அமுக்கினேன். லிவர் டக்குனு கீழே விழுந்துது. ஆனா ஃபேன் சுத்திக்கிட்டே இருக்கு, பிரிட்ஜ் ஓடிக்கிட்டே இருக்கு. இது எப்படி?

---

சும்மா_ஒருத்தன் | சனி, இரவு 9:40

டைரக்ட் பண்ணிட்டார், ஆர்.சி.சி.பி.யை விட்டுட்டு நேரா கரண்ட் கொடுத்துட்டார். அவ்வளவுதான்.

இதுல கவலைப்பட ஒண்ணும் இல்ல பாஸ். 30 வருஷமா அந்த வீட்டுல அது இல்லாமதானே இருந்தீங்க? ஈரம், எலி, எறும்புன்னு எல்லாத்துக்கும் விழும் சனியன் அது. வேணும்னா 30ஐ எடுத்துட்டு 100 மில்லி ஆம்ப் போடுங்க, தொந்தரவு இருக்காது. எம்.சி.பி. எட்டு இருக்கே, அது பார்த்துக்கும்.

---

வயர்மேன்62 | சனி, இரவு 10:05

தம்பி உறையூரான், டைரக்ட் பண்ணினது உண்மைதான். பேஸும் நியூட்ரலும் மெயின்ல இருந்து நேரா எம்.சி.பி. பஸ்பாருக்கும் (எல்லா எம்.சி.பி.க்கும் பேஸ் கொடுக்கிற பட்டை) நியூட்ரல் லிங்க்குக்கும் (நியூட்ரல் கருப்பு ஒயர் எல்லாம் சேர்ற பட்டை) போயிருக்கும். ஆர்.சி.சி.பி.க்கு மேல ரெண்டு ஒயர் மட்டும் சும்மா கொடுத்து வச்சிருப்பார், கீழே ஒண்ணும் இருக்காது. டெஸ்ட் பட்டனோட சுத்து பொட்டிக்குள்ளயே முடிஞ்சிடும். மேல கரண்ட் வந்தாப் போதும், பட்டன் அமுக்கினா விழும். ஷோ கேஸ் பொம்மை.

அந்த எலக்ட்ரீஷியனை நான் ரொம்பத் திட்ட மாட்டேன். பழைய வீட்டுல பேஸ் பக்கம் தேடித் தேடி ஒண்ணும் கிடைக்காம, வீட்டுக்காரர் தலைமாட்டுல நின்னு கேள்வி கேட்டா, கை தானா அங்கதான் போகும். ஆனா செஞ்சது தப்பு. அதைவிடத் தப்பு, உங்ககிட்ட சொல்லாம போனது.

நாலு விஷயம் சொல்லுங்க:
இன்வெர்ட்டர் இருக்கா? மாடிப்படி லைட் மேலயும் கீழயும் சுவிட்ச் வச்ச டூ-வேயா? மீட்டர்ல "இ.எல்."னு (எர்த் லீக்கேஜ்), இல்லேன்னா எர்த்னு போட்டு ஒரு சிவப்பு லைட் இருக்கும், அது எரியுதா? இந்த வீட்டுல யாருக்காவது, எப்பவாவது, எந்த சாமான்லயாவது ஷாக் அடிச்சிருக்கா?

---

பேனல்போர்டு | சனி, இரவு 10:31

>> எம்.சி.பி. எட்டு இருக்கே, அது பார்த்துக்கும்

பார்த்துக்காது. கணக்கு போட்டுப் பார்ப்போம். நம்ம ஊர்ல ஈ.பி. கொடுக்கிறது பேஸும் நியூட்ரலும். எர்த் நாமளே குழி எடுக்கணும். நல்ல குழி, 5 ஓம்னு வச்சுக்கங்க. ஹீட்டருக்குள்ள பேஸ் ஒயர் அறுந்து பாடியில பட்டுடுச்சு. 230ஐ 5ஆல வகுத்தா 46 ஆம்ப்ஸ். டிரான்ஸ்பார்மர் பக்கத்து எர்த்தையும் சேர்த்தா இன்னும் குறையும். உங்க 32 ஆம்ப்ஸ் எம்.சி.பி. சட்டுனு விழணும்னா, "சி" வகைக்கு 160 ஆம்ப்ஸாவது வேணும். 46ஐ அது சாதாரண ஓவர்லோடுன்னு நினைச்சுக்கும். 1.45 மடங்கு போனா ஒரு மணி நேரத்துக்குள்ள விழணும்னுதான் அதுக்கு விதி. 46ங்கிறது அந்த அளவையே தொடல. அதுவரைக்கும் ஹீட்டர், குழாய், வாளித் தண்ணி எல்லாம் பேஸ்ல நிக்கும்.

மனுஷன் உடம்பு வழியா போறது ஆம்ப்ஸ் கணக்குல இல்ல, மில்லி ஆம்ப் கணக்குல. அதை எம்.சி.பி. கண்ணாலயே பார்க்காது. 100 மில்லி ஆம்ப் பொட்டி தீ விபத்தைத் தடுக்க உதவும், ஆளைக் காப்பாத்த இல்ல. அதுக்கு 30தான்.

ஆர்.சி.சி.பி.க்குள்ள இருக்கிறது ஒரு வளையம். பேஸும் நியூட்ரலும் சேர்ந்து அதுக்குள்ள போகும். திண்ணையில உட்கார்ந்திருக்கிற பாட்டின்னு நினைச்சுக்கங்க. உள்ளே போனவங்க எத்தனை, வெளியே வந்தவங்க எத்தனை, அவ்வளவுதான் எண்ணுவா. யார், எதுக்குன்னு கேட்க மாட்டா. எவனாவது கொல்லைப்புறமா வெளியே போனா கணக்கு இடிக்கும், கத்துவா. 30 மில்லி ஆம்ப் பொட்டி 15க்கு மேல எங்க வேணும்னாலும் விழலாம், 30ல விழுந்தே ஆகணும், 300 மில்லி செகண்டுக்குள்ள. இதுதான் ஐ.எஸ். 12640, இந்தியத் தர விதி.

ஆக, பாட்டி பொய் சொல்லல. உங்க வீட்டுல கொல்லைப்புற வாசல் ஒண்ணு திறந்திருக்கு. ஒண்ணுக்கு மேலயும் இருக்கலாம்.

---

உறையூரான் | ஞாயிறு, காலை 7:20

எல்லாருக்கும் நன்றி. வயர்மேன் அண்ணா, பதில்கள்:

இன்வெர்ட்டர் இருக்கு. மாடிப்படி லைட் டூ-வேதான். மீட்டர்ல இ.எல். லைட் எரியுது, இப்போதான் போய் பார்த்தேன், அம்மா ஹீட்டர் போட்டிருக்காங்க, பளிச்னு சிவப்பா இருக்கு. மூணு மாசமா எரியுதோ என்னவோ, இத்தனை நாள் அதைக் கவனிச்சதே இல்ல.

ஷாக் பத்தி அம்மாகிட்ட கேட்டேன். "கிரைண்டர்ல முன்னாடி சுர்ருனு இருக்கும், 2003லயோ என்னவோ ஒருத்தர் வந்து சரி பண்ணிட்டார், அப்புறம் இல்ல"ங்கிறாங்க.

---

வயர்மேன்62 | ஞாயிறு, காலை 7:48

அந்த "சரி பண்ணிட்டார்"தான் எனக்கு உதைக்குது. அந்தப் பிளக்கை யாரும் திறக்காம வச்சிருங்க.

மூணு மாசமா உங்களுக்கு ஒருத்தன் விஷயத்தைச் சொல்லிக்கிட்டே இருந்திருக்கான், அந்த மீட்டர். பேஸ்ல போறதும் நியூட்ரல்ல திரும்பறதும் சமமா இல்லேன்னா அந்த லைட் எரியும். ஆர்.சி.சி.பி. விழுறதும் அதே காரணத்துக்குத்தான்.

முதல்ல உங்களால ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர் இல்லாம செய்யக்கூடிய ஒண்ணு. சாயங்காலம் மாடிப்படி லைட்டைப் போட்டு வச்சுட்டு, மாடி வீட்டுக்காரங்களை அவங்க மெயினை ஒரு நிமிஷம் இறக்கச் சொல்லுங்க. அவங்களுது டபுள் போல் மெயினா இருக்கணும். உங்க லைட் அணைஞ்சா பாதி பதில் கிடைச்சாச்சு.

மத்ததுக்கு லைசென்ஸ் உள்ள ஆளை வரச் சொல்லுங்க. அவர்கிட்ட இதைக் காட்டுங்க: எல்லா எம்.சி.பி.யும் இறங்கியிருக்கும்போதே விழுதுன்னா, பேஸ் பக்கம் தேடறது வீண். உங்க எம்.சி.பி. எல்லாம் சிங்கிள் போல். பேஸை மட்டும் வெட்டும். எட்டு சர்க்யூட்டோட கருப்பு ஒயரும் நியூட்ரல் லிங்க்ல அப்படியேதான் இருக்கும். மீட்டர் பக்கத்து கட்-அவுட்டை (மெயின் ஃப்யூஸ்) இறக்கிட்டு, கரண்ட் இல்லைன்னு உறுதி பண்ணிட்டு, அந்த எட்டையும் ஒவ்வொண்ணா கழட்டி எர்த் லிங்க்குக்கு ஓம்ஸ் பார்க்கணும். கழட்டறதுக்கு முன்னாடி டேப் ஒட்டி நம்பர் போடச் சொல்லுங்க. இதைச் செய்யாம கழட்டி, பின்னாடி எது எந்த எம்.சி.பி.யோடதுன்னு ஒரு முழு நாள் தேடின அனுபவம் எனக்கு உண்டு. திண்டுக்கல்ல ஒரு கல்யாண வீடு. வேண்டாம், அது பெரிய கதை.

நியூட்ரலும் எர்த்தும் எங்கயாவது ஒட்டியிருந்தா மல்டிமீட்டர்லயே பூஜ்யம் பக்கத்துல காட்டிடும். சும்மா ஈரக்கசிவுன்னா மெகர் (ஒயரோட இன்சுலேஷனைச் சோதிக்கிற மீட்டர்) வேணும், 500 வோல்ட்ல, பிளக்கு எல்லாம் உருவிட்டு. ஒரு மெகாஓமுக்குக் கீழே இருந்தா அந்த சர்க்யூட்டை விடக்கூடாது.

---

சும்மா_ஒருத்தன் | ஞாயிறு, காலை 9:15

ஒரு சந்தேகம், சண்டைக்கு இல்ல. டிரான்ஸ்பார்மர்ல நியூட்ரலை எர்த் பண்ணித்தான் வச்சிருக்கான். ரெண்டும் ஒண்ணுதான். அப்புறம் வீட்டுக்குள்ள ரெண்டும் ஒட்டினா என்ன குடி முழுகிடும்?

---

பேனல்போர்டு | ஞாயிறு, காலை 10:02

நல்ல கேள்வி. எங்க கம்பெனியில டிப்ளமோ முடிச்சு வர்ற பசங்க பத்துல எட்டு பேர் இதையேதான் கேட்பாங்க.

டிரான்ஸ்பார்மர் கிட்ட ஒண்ணுதான். உங்க வீட்டுல ஒண்ணு இல்ல. நடுவுல கம்பம் கம்பமா வர்ற நியூட்ரல் லைனுக்கும் ஒரு தடை உண்டு. சும்மா 0.3 ஓம்னு எடுத்துக்கங்க. உறையூரான் வீட்டு ஹீட்டர் 2000 வாட்னா சுமார் 8.7 ஆம்ப்ஸ். 0.3ஆல பெருக்கினா 2.6 வோல்ட். அதாவது உங்க வீட்டு நியூட்ரல், எர்த்தைவிட 2.6 வோல்ட் மேல நிக்குது. டெஸ்டர்ல தெரியாது, தொட்டாலும் தெரியாது. ஆனா வீட்டுக்குள்ள எங்கயோ நியூட்ரலும் எர்த்தும் ஒட்டியிருந்தா, அந்த 2.6 வோல்ட் குழி வழியா மண்ணுக்குள்ள இறங்கி டிரான்ஸ்பார்மருக்குப் போகும். அந்த வழி மொத்தம் 10 ஓம்னா 260 மில்லி ஆம்ப். 30க்கு விழவேண்டிய பொட்டிக்கு 260! அயர்ன் பாக்ஸ்னா அதுல பாதி, அதுவும் போதும். பிரிட்ஜ் மட்டும் ஓடினா தப்பிச்சிடும். அதனாலதான் பெரிய சாமான் போட்டா மட்டும் விழுது, அந்தச் சாமான் மேல ஒரு குத்தமும் இல்லாம.

இப்போ அந்த "பேய் ட்ரிப்". எல்லா எம்.சி.பி.யும் கீழே. உங்க வீட்டுல லோடே இல்ல. ஆனா சாயங்காலம் ஏழு மணி, தெருவே டி.வி.யும் ஏ.சி.யும் போட்டிருக்கு. அவங்க கரண்ட்தான் அந்தப் பொது நியூட்ரலை ரெண்டு மூணு வோல்ட் தூக்குது. அது உங்க நியூட்ரல் போல் வழியா உள்ளே வந்து, ஒட்டின இடத்துல எர்த்துக்கு இறங்கிப் போகுது. தெருக்காரன் கரண்ட் உங்க வீட்டுக் கொல்லைப்புறமா போகுது. பாட்டி கத்துறா.

இதெல்லாம் பொட்டி விழுற கதை. குடி முழுகுற கதை வேற. எர்த் குழியே இல்லாத வீட்டுல பிளக்குக்குள்ள நியூட்ரலையும் எர்த் முனையையும் ஒரு துண்டு ஒயரால இணைச்சு வைப்பாங்க. சாமானோட பாடி நியூட்ரலோட நிக்கும், "சுர்" போயிடும். எல்லாரும் சந்தோஷம். ஒரு நாள் காத்துல கம்பத்துல நியூட்ரல் மட்டும் அறுந்துச்சுன்னு வைங்க. வீட்டுல எரியற ஒவ்வொரு லைட் வழியாவும் பேஸ் வந்து அந்த அறுந்த நியூட்ரல்ல நிக்கும். அங்கிருந்து துண்டு ஒயர். அங்கிருந்து கிரைண்டர் பாடி, பிரிட்ஜ் கதவு. லைட் எரியாது, ஃபேன் ஓடாது, "கரண்ட் போயிடுச்சு"ன்னு நினைச்சு பிரிட்ஜைத் திறப்பீங்க.

இதுக்கு மேல விளக்க வேண்டாம்னு நினைக்கிறேன்.

---

சும்மா_ஒருத்தன் | ஞாயிறு, காலை 10:20

...சரி. புரிஞ்சுது.

---

யாழ்_கிணத்தடி | ஞாயிறு, மதியம் 12:44

எங்கட பக்கம் இதை "ட்ரிப் சுவிட்ச்" எண்டுதான் சொல்லுவினம், வீட்டுக்கு வீடு இருக்குது. எங்கட வீட்டிலயும் மாரிகாலத்தில ஒரே விழுகை. மழைத் தண்ணி எண்டு நினைச்சு வயர் எல்லாம் மாத்தினம். கடைசியில பாத்தா கிணத்தடி லைட். அங்க கறுப்பு வயர் எலி கடிச்சுப் போட்டுது, திருத்த வந்தவர் எர்த்தையே நியூட்ரலாப் பாவிச்சிருக்கிறார். கோடையில மண் காய்ஞ்சு கிடக்கேக்க கரண்ட் குறைவாப் போயிருக்கு, லைட் மங்கலா எரிஞ்சது, விழேல்லை. மழை பெய்ஞ்சு மண் நனைஞ்ச உடன வடிவா எரியத் துவங்கி, விழவும் துவங்கிச்சுது.

---

வயர்மேன்62 | ஞாயிறு, மதியம் 1:10

மங்கலா எரிஞ்சதைக் கவனிச்சீங்களே, அதுதான் பெரிய தடயம். நம்ம ஊர்லயும் மாட்டுக் கொட்டாய் லைட்டுக்கு இந்த வேலை நிறைய நடக்கும். ஒரு ஒயர் மிச்சம்.

---

சிங்கை_சைட் | ஞாயிறு, மாலை 4:30

இங்க சிங்கப்பூர்ல 1985 ஜூலைக்கு அப்புறம் கட்டின வீடுகளுக்கு ஆர்.சி.சி.பி. முன்னாடியே கட்டாயம். பழைய வீடுகளுக்கும் 2023 ஜூலை 1லிருந்து கட்டாயமாக்கி ரெண்டு வருஷம் அவகாசம் கொடுத்தாங்க. அந்த சமயத்துல நான் இந்த வேலையேதான் பார்த்தேன். பழைய ஒயர்ல புதுப் பொட்டி வைக்கிறதுன்னா என்னன்னு அப்போதான் தெரிஞ்சுது.

நானே பண்ணின ஒரு தப்பைச் சொல்றேன். இடம் நெருக்கடியான பாக்ஸ். பேஸை மேல இருந்து கொடுத்தேன். நியூட்ரல் ஒயர் நீளம் பத்தல, கீழே இருந்து கொடுத்தா என்னன்னு கொடுத்துட்டேன். லோடு நியூட்ரல் மேல. லிவர் தூக்கினா நின்னுச்சு. ஒரே ஒரு ட்யூப் லைட் போட்டேன், பட்டுனு விழுந்துது. எந்த ரூம்ல எதைப் போட்டாலும் விழும். வீடு பூரா தேடினேன், ஒண்ணும் இல்ல. சீனியர் வந்து பார்த்துட்டு சிரிச்சார். பேஸ் கரண்ட் மேல இருந்து கீழே போகுது. நியூட்ரல் கீழே இருந்து மேல திரும்பணும், அப்போதான் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். நான் கொடுத்த மாதிரி கொடுத்தா அதுவும் மேல இருந்து கீழேதான் போகும். ரெண்டும் கூட்டிக்கிட்டு இரட்டிப்பா காட்டும். பாட்டிக்கு ரெண்டு பேரும் உள்ளே போன மாதிரிதான் தெரியும் :)

---

பேனல்போர்டு | ஞாயிறு, மாலை 5:05

இதே தப்பைப் பெரிய அளவுல நாங்க பண்ணியிருக்கோம். 1600 ஆம்ப்ஸ் மெயின் பேனல், மூணு பேஸுக்கு மூணு சி.டி. (கரண்டை அளக்கிற வளையம்), நியூட்ரலுக்குத் தனியா நாலாவது சி.டி. நாலையும் கூட்டிப் பார்த்து மிச்சம் இருந்தா எர்த் ஃபால்ட்னு பிரேக்கர் விழும். நியூட்ரல் சி.டி.யைத் தலைகீழா மாட்டிட்டோம், பி1 இருக்கவேண்டிய இடத்துல பி2. கமிஷனிங் அன்னிக்கு ஓடினது எல்லாம் மூணு பேஸ் மோட்டார். நியூட்ரல்ல கரண்டே இல்ல. எல்லாம் சுத்தமா ஓடுச்சு, கையெழுத்து வாங்கிட்டு வந்துட்டோம். ராத்திரி ஷிஃப்ட்ல ஷெட்டு லைட் எல்லாம் போட்டாங்க, அதுல முக்கால்வாசி ஒரே பேஸ்ல இருந்துச்சு. நியூட்ரல்ல கரண்ட் வந்துது. கழிக்கவேண்டியதை ரிலே கூட்டிச்சு. முழு பிளாண்டும் இருட்டு. ராத்திரி ரெண்டரைக்கு எனக்கு போன்.

ஆனா இந்த வகைத் தப்பு பரவாயில்ல, கத்திக் காட்டிக் கொடுத்துடும். வளையத்துக்குள்ள கேபிளை நுழைக்கும்போது கூடவே எர்த் ஒயரையும் நுழைச்சுடுவாங்க பாருங்க, அது வேற. கசியற கரண்ட் எந்த வளையம் வழியா போச்சோ அதே வளையம் வழியா பச்சை ஒயர்ல திரும்பி வந்துடும். கணக்கு நேராயிடும். ரிலே விழவே விழாது. டெஸ்ட் பட்டன் அமுக்கினா விழும், சோதனைச் சீட்டுல டிக் போடுவாங்க. அப்படி ஒரு பேனல் எத்தனை வருஷம் ஓடியிருக்குன்னு கேட்டா தூக்கம் வராது.

---

உறையூரான் | ஞாயிறு, இரவு 8:55

மாடிப்படி லைட் சோதனை முடிஞ்சுது. மாடி வீட்டு அக்கா மெயினை இறக்கினாங்க. எங்க லைட் அணைஞ்சுது!! எங்க எம்.சி.பி.யை இறக்கினாலும் அணையுது. அதாவது பேஸ் எங்களுது, நியூட்ரல் அவங்களுது.

அது 9 வாட் எல்.இ.டி.தான். அதுக்கு இவ்வளவா?

---

வயர்மேன்62 | ஞாயிறு, இரவு 9:10

9 வாட்டே 40 மில்லி ஆம்ப் இழுக்கும் தம்பி. உங்க பொட்டிக்கு அது மொத்தமும் கசிவுதான், ஒரு துளி கூட திரும்பி வரல. 3 வாட் ஜீரோ பல்பு போட்டிருந்தா விழாம ஓடியிருக்கும், யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

1994ல ஒயரிங் பண்ணினவர் மேல தப்பு சொல்ல முடியாது. ஒரே சர்வீஸா இருந்திருக்கும். மேல் சுவிட்ச் பாக்ஸ்ல எந்தக் கருப்பு ஒயர் கிட்ட இருந்துச்சோ அதுல முறுக்கியிருப்பார். பின்னாடி மாடிக்குத் தனி மீட்டர் வாங்கினப்போ இதை யாரும் பிரிக்கல.

இன்னொரு ஆபத்து: மாடிக்காரங்க மெயினை இறக்கிட்டு "கரண்ட் இல்ல"ன்னு அந்த ஒயரைத் தொட்டா, உங்க பேஸ் பல்பு வழியா அங்க வந்து நிக்கும்.

---

உறையூரான் | அடுத்த சனி, மாலை 6:40

ஒரு வாரம் ஆச்சு, மன்னிக்கணும். தெரிஞ்சவர் மூலமா லைசென்ஸ் உள்ள ஒயர்மேன் ஒருத்தர் இன்னிக்கு காலையில வந்தார். இந்த இழையை முழுசாப் படிக்கக் கொடுத்தேன். பாட்டி வரைக்கும் படிச்சுட்டு "யாருய்யா இது"ன்னு சிரிச்சார்.

நியூட்ரல் லிங்க்ல எட்டையும் டேப் ஒட்டிக் கழட்டினார். ஆறாவது ஒயர், எர்த்துக்கு 0.4 ஓம். சமையலறை பவர் பிளக். கிரைண்டர்.

பிளேட்டைத் திறந்தப்போ நானும் டார்ச் பிடிச்சுக்கிட்டு நின்னேன். நியூட்ரல் முனையில இருந்து எர்த் முனைக்கு விரல் நீளத்துக்கு ஒரு துண்டு ஒயர். ஒரு காலத்துல சிவப்பு, இப்போ மாவுத் தூசி படிஞ்சு செங்கல் கலர். அதே எர்த் முனையில, அதே ஸ்க்ரூவுக்குக் கீழே, மூணு மாசம் முன்னாடி இழுத்த புது பச்சை ஒயர் பளபளன்னு.

அப்போதான் எனக்கு முழுக் கதையும் புரிஞ்சுது. 2003ல அந்த பாக்ஸுக்கு எர்த் ஒயரே வரல. "சுர்"ருக்கு வைத்தியமா அந்தத் துண்டைப் போட்டிருக்கார். எர்த்தே இல்லாததால அது எங்கயும் போய் ஒட்டல, சும்மா இருந்துச்சு. நாங்க நல்லது பண்றோம்னு எர்த் இழுத்தோம். பழைய துண்டு அப்படியே இருக்க, புது எர்த் வந்து சேர்ந்துச்சு. புதுசா இழுத்தவர் அந்தத் துண்டைப் பார்க்காம அந்த ஸ்க்ரூவை முறுக்கியிருக்கவே முடியாது.

வெட்டி எடுத்தாச்சு. மாடிப்படி லைட்டுக்கு எங்க சர்க்யூட்ல இருந்தே கருப்பு ஒயர் இழுத்தாச்சு. டைரக்ட் பண்ணினதைப் பிரிச்சு, ஆர்.சி.சி.பி. வழியா கொடுத்தாச்சு. ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், கிரைண்டர் மூணும் ஒண்ணா ஓடுது. மீட்டர்ல இ.எல். லைட் அணைஞ்சிருக்கு.

கடைசியா டெஸ்ட் பட்டனை அமுக்கினேன். வீடு பூரா இருட்டு. உள்ளேயிருந்து அம்மா, "ஏண்டா, இப்போதான் சீரியல்ல முக்கியமான இடம்!"

ஒரே ஒரு கேள்வி பாக்கி. கரண்ட் போய் இன்வெர்ட்டர்ல ஓடும்போது இது காப்பாத்துமா?

---

பேனல்போர்டு | சனி, இரவு 7:30

மாவுத் தூசி படிஞ்ச துண்டு ஒயர்! அதை எடுத்து வைங்க, நான் ஒரு தடவை பசங்களுக்குக் காட்டணும்.

இன்வெர்ட்டர் விஷயம் ஆமாவும் இல்லையும். பெரும்பாலான வீடுகள்ல இன்வெர்ட்டர்ல இருந்து பேஸ் மட்டும்தான் தனியா வரும், நியூட்ரல் பொது. கரண்ட் இல்லாதப்போ யாராவது அந்த பேஸைத் தொட்டா, கரண்ட் உடம்பு வழியா மண்ணுக்கு, மண்ணு வழியா டிரான்ஸ்பார்மர் எர்த்துக்கு, அங்கிருந்து கம்ப நியூட்ரல் வழியா உங்க வீட்டுக்குத் திரும்பும். அப்போ ஆர்.சி.சி.பி.யோட நியூட்ரல் போல் வழியா மட்டும் போகும், பேஸ் போல்ல ஒண்ணும் போகாது. வளையத்துக்குத் தெரியும், விழும். நியூட்ரலும் வெட்டுப்படறதால அந்தச் சுத்தும் அறுந்துடும். ஆனா கரண்ட் இல்லாமலே வேலை செய்யற மெக்கானிக்கல் வகையா இருந்தாத்தான். எலக்ட்ரானிக் வகைக்கு மெயின்ல கரண்ட் இருந்தாத்தான் உயிர்.

தனியா இன்வெர்ட்டர் லைனுக்கு ஒரு ஆர்.சி.சி.பி. போடறது இன்னும் நல்லது. ஆனா அதுக்கு நியூட்ரலும் தனி லிங்க் வேணும். ரெண்டு பொட்டி, நியூட்ரல் மட்டும் ஒரே லிங்க்னா திரும்ப முதல் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கணும் நாம.

---

வயர்மேன்62 | சனி, இரவு 7:52

1994 வீட்டுல லைட்டு நியூட்ரலைத் தனியா பிரிக்கிறது சுவரை உடைக்கிற வேலை. அடுத்த தடவை பெயிண்ட் அடிக்கும்போது பார்த்துக்கலாம். அவசரம் இல்ல.

---

சும்மா_ஒருத்தன் | சனி, இரவு 9:03

படிச்சுட்டு என் வீட்டுல போய் பட்டனை அமுக்கினேன். ஒன்பது வருஷமா இருக்கு, இதுதான் முதல் தடவை.

விழல. மூணு தடவை அமுக்கிட்டேன்.

---

வயர்மேன்62 | சனி, இரவு 9:06

உங்க வீட்டுக்கு மூணு பேஸா, ஒரு பேஸா? பொட்டி ரெண்டு போலா, நாலு போலா?

---

சும்மா_ஒருத்தன் | சனி, இரவு 9:15

ஒரு பேஸ்தான். பொட்டி அகலமா இருக்கு, மேல நாலு ஓட்டை. ரெண்டுல ஒயர் இருக்கு. வலது ஓரம் நியூட்ரல்னு எழுதியிருக்கிற இடம் காலி.

---

வயர்மேன்62 | சனி, இரவு 9:21

எங்கயோ மிஞ்சின நாலு போல் பொட்டியை மாட்டியிருக்காங்க. பேஸும் நியூட்ரலும் ஏதோ ரெண்டு போல் வழியா போகுது, அதனால ஃபால்ட் வந்தா விழக்கூட விழலாம். ஆனா டெஸ்ட் பட்டன் உள்ளே ஒரு குறிப்பிட்ட பேஸ் முனைக்கும் நியூட்ரல் முனைக்கும் நடுவுலதான் கட்டியிருக்கும். அங்க ஒயரே இல்லேன்னா பட்டனுக்கு எங்கிருந்து வரும் கரண்ட்? பொட்டி நல்லா இருக்கா செத்துப்போச்சான்னு இப்போ யாராலயும் சொல்ல முடியாது. எந்த முனைன்னு முகப்புல சின்னப் படம் போட்டிருக்கும், உங்க ஆள்கிட்ட அதைக் காட்டி ஒயரை மாத்தச் சொல்லுங்க. அப்புறம் அமுக்குங்க. அப்பவும் விழலேன்னா புதுசு வாங்குங்க, 30 மில்லி ஆம்ப்ல.

---

சும்மா_ஒருத்தன் | சனி, இரவு 9:24

நாளைக்குக் காலையில ஆள் வரச் சொல்லியிருக்கேன் அண்ணே.